அமலி டீச்சரிடம் பத்து நாள்

திரவியம் தன்னைவிட இருபது வயது இளையவளிடம் மாணவராகப் போய் நின்றார். அவளுடைய வேலையை வாங்கிக்கொள்ளத்தான் போனார். அது அவளுக்கும் தெரியும்.

பனையடித்துறையில் உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி அது. அதன் கிழக்குக் கோடியில் இருந்த ஓர் அறைதான் நூலகம். அமலி ஆறு வருடமாக அங்கே நூலகர். தாளாளர் குணசீலன் அவளுக்கு மூன்று முறை எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தார். புத்தகம் எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் புத்தகத்தைக் கையில் கொடுக்கவே கூடாது. மூன்று உத்தரவுகளையும் அவள் வாங்கிப் படித்துக் கோப்பில் வைத்தாள். பிறகு வழக்கம்போலப் புத்தகங்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

நான்காவதாக வந்தது வேலை நீக்கக் கடிதம். பத்து வேலை நாளுக்குள் புதிய ஆளுக்குப் பழக்கிக்கொடுத்துவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

புதிய ஆள் திரவியம். மூடிப்போன நூற்பாலையில் இருபத்தைந்து வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அவர் காலத்தில் ஸ்டோரிலிருந்து ஒரு திருகாணிகூடக் காணாமல் போனதில்லை என்று ஊரில் சொல்வார்கள். மில் மூடியபின் இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தார். ‘புத்தகங்களைக் காப்பாற்ற ஒரு ஆள் வேண்டும்’ என்று தாளாளர் சொல்லி அனுப்பியதும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் நாள் காலை, வாசலிலேயே தயங்கி நின்று கேட்டார்.

“எம் மேல கோவம் இல்லியே டீச்சர்?”

“கோவம் இருக்கு. உங்க மேல இல்ல. உள்ள வாங்க அண்ணாச்சி.”

பெரியவர்கள் உட்கார அங்கே நாற்காலி கிடையாது. பிள்ளைகளுக்கான குட்டை பெஞ்சில் திரவியம் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

“எனக்கு ஒரு கேள்விதான் டீச்சர். அதுக்குப் பதில் தெரிஞ்சுட்டா மிச்சத்தை நானே பாத்துக்கிடுவேன். புத்தகத்தை எப்படிப் பாதுகாக்கிறது?”

அமலி இரண்டு புத்தகங்களை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஒன்று அட்டை மினுங்கப் புதிதாக இருந்தது. இன்னொன்றின் முதுகில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. நுனிகள் சுருண்டு, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தது போல் ஊதியிருந்தது.

“இதுல எது நல்லா இருக்கு?”

“இதென்ன கேள்வி?” திரவியம் மினுங்கியதைத் தொட்டார்.

“ரெண்டையும் மூடிப் பிடிச்சு ஓரத்தைப் பாருங்க.”

பார்த்தார். பிய்ந்த புத்தகத்தின் ஓரம் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. புதிய புத்தகத்தில் முதல் மூன்று தாள்தான் கறுப்பு. மிச்சம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இதை எத்தனையோ புள்ளைங்க எடுத்துட்டுப் போச்சு. அத்தனையும் ஆறாம் பக்கத்தோட விட்டுருச்சு,” என்றாள் அமலி.

“ஏன்?”

“ஏழாம் பக்கத்துல எழுதினவரு புத்தி சொல்ல ஆரம்பிச்சிருதாரு.”

திரவியத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “ஸ்டோர்ல அழுக்கான சாமானை ஒதுக்கி வைப்போம் டீச்சர்.”

“இங்க அழுக்காகாததைத்தான் ஒதுக்கணும்,” என்றாள் அவள்.

அது தன் கேள்விக்குப் பதிலா, பதிலைத் தள்ளிப்போடுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் இரண்டாம் வகுப்பு வந்தது. மதகு திறந்தது போல் வந்தது. நாற்பது பிள்ளைகள். நாற்பதுக்கும் ஒரே திமிங்கிலப் புத்தகம்தான் வேண்டும். இரண்டு பேர் அதை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். ஒருத்தி அலமாரியின் கீழ்த் தட்டுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டாள். இன்னொருத்திக்கு மூக்கில் ரத்தம் வழிந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர், சேட்டை செய்தார்கள் என்று மூன்று பேரை நூலகத்தில் நிற்கச் சொல்லி அனுப்பினார். தலைமையாசிரியை சொர்ணம் எட்டிப்பார்த்து, “அமலி, அஞ்சாம் வகுப்பு டீச்சர் இன்னிக்கு வரல. அடுத்த பீரியடு நீ பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் நூலகத்துக்கு நன்கொடை என்று ஒரு சாக்கை இறக்கிவிட்டுப் போனார். திரவியம் பிரித்துப் பார்த்தார். பழைய வருமான வரி விளக்க நூல்கள். ஒரு பேருந்து கால அட்டவணை. யாருடைய கல்யாணத்துக்கோ வந்த வாழ்த்து மடல்கள்.

“நூலகர் வேலையா, எடுபிடி வேலையா டீச்சர் இது?” அவர் இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்டார். “இத்தனைக்கும் நடுவுல உங்க சொந்த வேலையை எப்பம் பாப்பீய?”

அமலி ரத்தம் வந்த பிள்ளையை மடியில் சாய்த்து, இடது கையால் அவள் மூக்கைப் பிடித்திருந்தாள். வலது கையால் திமிங்கிலப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

இரண்டாவது வரியில் இழுபறி நின்றது. நான்காவது வரியில், கீழ்த் தட்டில் படுத்திருந்தவள் தலையை நீட்டினாள். தண்டனைக்கு வந்த மூன்று பேரும் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். திமிங்கிலம் மூச்சு விட மேலே வந்தபோது மூக்கில் ரத்தம் வழிந்தவளும் சேர்ந்து மூச்சு விட்டாள். அமலியின் சேலையிலெல்லாம் ரத்தம் தெறித்தது.

திரவியம் சாக்கைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, தானும் கேட்டார்.

மூன்றாம் நாள் அவருக்குத் தாளாளர் சொன்னது நினைவிருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வந்ததும் ஒவ்வொன்றாகக் கவனித்தார். ஜெனிதா என்ற சின்னப்பெண் ஒரு புத்தகத்தைத் திறந்து, எழுத்தும் படமும் வெளியே தெரியும்படி நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருந்தாள். அட்டை அவள் பக்கம். வாய் மட்டும் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“இதைத்தான் டீச்சர் தாளாளர் சொன்னாரு,” என்று திரவியம் சொன்னார். “புத்தகத்தை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியல. எழுத்துக் கூட்டத் தெரியாத புள்ளைக்குப் புத்தகம் என்னத்துக்கு?”

“எனக்கும் சரியாத் தெரியல அண்ணாச்சி. பக்கத்துல போய் உட்கார்ந்து பாருங்களேன்.”

போய் உட்கார்ந்தார். ஜெனிதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “பின்னால தெரியுதா? தெரியலைன்னா முன்னால வந்து உட்காருங்க,” என்றாள். குரல், இழுவை, புருவத்தைத் தூக்கும் விதம் எல்லாம் அமலி டீச்சரேதான். பிறகு கதையைத் தொடர்ந்தாள். ஒரு வரி விடாமல் சொன்னாள். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பினாள். திருப்புவதற்கு முன்னால் நிறுத்தி, “என்ன ஆயிருக்கும்?” என்று திரவியத்தைக் கேட்டாள்.

திரவியத்துக்குத் தெரியவில்லை.

“சும்மா சொல்லுங்க. தப்பாச் சொன்னாலும் பரவால்ல,” என்றாள் ஜெனிதா.

அவர் திரும்பி வந்து அமலியின் பக்கத்தில் நின்றார்.

நான்காம் நாள் அவர் வீட்டிலிருந்து ஒரு கட்டுச் சீட்டு கொண்டுவந்தார். மில்லில் பழகிய வழக்கம். சீட்டு இல்லாமல் எதுவும் ஸ்டோரை விட்டு வெளியே போகாது. புத்தகத்தின் பெயர், பிள்ளையின் பெயர், தேதி, அவருடைய கையெழுத்து. ஒரு சீட்டு பிள்ளைக்கு, ஒன்று அவருக்கு. அமலி இதுவரை ஒரு நோட்டில் கிறுக்கி வைப்பதோடு சரி.

திரவியத்தின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். தங்கள் பெயர் இவ்வளவு அழகாக எழுதப்பட்டு அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. சீட்டுக்காகவே புத்தகம் எடுத்தார்கள். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி எடுத்துப் பார்த்தார்கள். ஜெனிதா அந்தச் சீட்டைப் பார்த்து எழுதியே தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள்.

“ஆறு வருசத்துல இது எனக்குத் தோணல,” என்றாள் அமலி. உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னாள்.

ஆனால் வேலை மாறினாலும் குணம் மாறிவிடுமா? பழைய நோட்டைப் புரட்டியதில் முப்பத்தேழு புத்தகங்கள் திரும்பி வரவே இல்லை என்று தெரிந்தது. திரவியத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நீங்க போய்க் கேட்டது இல்லியா டீச்சர்?”

“நீங்க போய்ப் பாத்துட்டு வாங்களேன்,” என்றாள். “எனக்கும் தெரியணும்.”

ஆறாம் நாள் மத்தியானம் கையில் பட்டியலோடு உப்பளக் குடியிருப்புக்குப் போனார். சில புத்தகங்கள் கேட்டவுடன் கிடைத்தன. சில வீடுகளில் ஆள் இல்லை. நான்காம் வகுப்பு சுபிதாவின் வீட்டில் அவளுடைய அம்மா அன்னபுஷ்பம் அப்போதுதான் அளத்திலிருந்து வந்திருந்தாள். காலில் உப்பு வெடிப்பு. வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் சுருங்கிப் போயிருந்தது.

“புத்தகமா?” என்றாள். “சுபிதா எப்பமோ முடிச்சிட்டா. நான்தான் இன்னும் முடிக்கல.”

“நீங்களா படிக்கீய?”

“மூணாங் கிளாஸ் வரைக்கும் போனேன். அப்புறம் அளத்துக்கு அனுப்பிட்டாவ. எழுத்து மறந்து போச்சு. சுபிதா சொல்லித் தாரா. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்.”

“நாள் ரொம்ப ஆயிருச்சேம்மா. சட்டப்படி…”

“நாளைக்குத் தாரேன்னு பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. முடிச்சதும் தாரேன்,” என்றாள் அன்னபுஷ்பம். புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். பாலித்தீன் பையில் சுற்றி, மாடத்தில் வைத்திருந்தாள். இன்னும் பதினொரு பக்கம் இருந்தது.

திரவியம் பட்டியலில் அந்தப் பெயரை அடிக்கவும் இல்லை, அப்படியே விடவும் இல்லை. பக்கத்தில் ‘பதினொன்று’ என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் ஒரு வடை வாங்கினார். வடையைச் சுற்றிக் கொடுத்த தாளில் பள்ளியின் முத்திரை இருந்தது.

விசாரித்தார். குடியிருப்பில் ஒருவன் பள்ளிப் புத்தகத்தைப் பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போட்டிருந்தான். மூன்றாம் வகுப்பில் படிக்கும் முத்தரசியின் அப்பா. புத்தகம் தாள் தாளாகக் கிழிக்கப்பட்டு அனேகமாகத் தீர்ந்துவிட்டிருந்தது. எண்ணெய் ஊறிய அந்த ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு திரவியம் பள்ளிக்கு ஏறக்குறைய ஓடி வந்தார்.

“பாத்தீயளா டீச்சர்! இதுக்குத்தான் சொன்னேன்.”

அமலி தாளை வாங்கி விரித்தாள். பாதிப் படம், பாதி வாக்கியம். அவள் முகம் சுண்டிப்போனது. உட்கார்ந்துவிட்டாள்.

“இந்தப் புத்தகத்துக்காக ரெண்டு மாசம் அலைஞ்சேன்,” என்றாள். “இந்த ஊர்ல வேற பிரதி கிடையாது.”

அவள் அழுவாள் என்று திரவியம் எதிர்பார்க்கவில்லை. அழுதாள். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டார்.

“அப்பம் தாளாளர் சொல்றது சரிதானே டீச்சர்?”

“இந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரைக்கும் சரிதான்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. மூன்றாம் வகுப்பு வந்தது. வரிசையில் கடைசியாக முத்தரசி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். அலமாரிப் பக்கமே போகவில்லை. சுவரோடு சுவராக நின்றாள். அப்பா செய்தது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ஏ புள்ள, முத்தரசி. இங்க வா,” என்றாள் அமலி.

அவள் வந்தாள். அமலி மேல் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். பறவைகளைப் பற்றியது. அறையில் இருப்பதிலேயே நல்ல தாள், நல்ல படம், கெட்டி அட்டை. அதை முத்தரசியின் கையில் கொடுத்துவிட்டு, “அண்ணாச்சிகிட்ட சீட்டு வாங்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போ,” என்றாள்.

திரவியத்துக்குப் பேனா ஓடவில்லை. பிள்ளை நகர்ந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இவ அப்பன்தானே டீச்சர் அதை எடைக்குப் போட்டது?”

“அவ அப்பனுக்கா குடுத்தேன்?”

எட்டாம் நாள் தாளாளர் வந்தார். அறைக்குள் நுழையவில்லை. வராந்தாவில் நின்றே திரவியத்தைக் கூப்பிட்டார்.

“திங்கக்கிழமை அதிகாரி ஆய்வுக்கு வாராரு. வெள்ளிக்கிழமை இந்தப் பொண்ணுக்குக் கடைசி நாள். அன்னிக்கு மூணு மணிக்கு நான் பூட்டோட வாரேன். புத்தகத்தையெல்லாம் தொடைச்சு அடுக்கி வையும். அதுக்கப்புறம் யாராவது பெரிய மனுசங்க பார்க்க வந்தா மட்டும் அறையைத் திறந்தாப் போதும். உமக்கும் வேலை லேசு.”

“அப்பம் புள்ளைங்க சார்?”

“புள்ளைங்களுக்குத்தான் பாடப் புத்தகம் இருக்கே. மில்லுல எப்படிக் காப்பாத்தினீரு, அப்படிக் காப்பாத்தும். அதுக்குத்தானே உம்மை வச்சிருக்கேன்.”

அவர் போனபின் திரவியம் உள்ளே வந்தார். அமலி நாற்காலி இல்லாத அந்த அறையில் தரையில் உட்கார்ந்து பிய்ந்த முதுகுகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கேட்டுச்சா டீச்சர்?”

“கேட்டுச்சு.”

“என்ன செய்யப் போறீய?”

“என்னால என்ன செய்ய முடியும்? நேத்து பொறுப்பை எழுதிக்கொடுத்தேன்ல, அதோட எனக்கு அதிகாரம் போச்சு. புத்தகம் வாங்கவோ வழங்கவோ இனி உங்க கையெழுத்துதான் செல்லும்.” பசையை விரலால் தடவி அழுத்தினாள். “நான் ஒட்டுப் போடலாம். அவ்வளவுதான்.”

திரவியம் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“மில்லை மூடின அன்னிக்கு ஸ்டோரை ஒப்படைச்சேன் டீச்சர். ஒரு சாமான் குறையல. வெளிநாட்டு பேரிங்கு ஒரு பெட்டி இருந்துச்சு. யாராவது கேட்டா, ‘இருக்கட்டும், அவசரத்துக்கு வேணும்’னு சொல்லிச் சொல்லியே வச்சிருந்தேன். பதினெட்டு வருசம். பெட்டியைப் பிரிக்கவே இல்ல. இரும்புக் கடைக்காரன் வந்து அதையும் சேத்து எடைக்கு அள்ளிட்டுப் போனான். ஒரே லாரி. என் மொத்த வேலையும் ஒரே லாரில போயிருச்சு.”

அமலி ஒட்டுவதை நிறுத்தினாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவர் நினைத்தார். அவள் பசைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இதைப் பிடிங்க. இன்னும் நாப்பது இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிரலாம்.”

இருவரும் ஒட்டினார்கள். மறுநாளும் ஒட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை திரவியம் ஏழு மணிக்கே வந்துவிட்டார். கையில் புதிதாக நாலு கட்டுச் சீட்டு. அமலி வந்தபோது, மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“புத்தகம் வழங்கப் போறேன் டீச்சர். எனக்கு அதிகாரம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீய?”

“எத்தனை?”

“எத்தனை இருக்கோ அத்தனை.”

அமலி அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தார்கள். பெரியவர்களுக்கு மூன்று, சின்னவர்களுக்கு இரண்டு. அமலி ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுத்தாள். “உனக்கு இது. அழாமப் படிக்கணும்.” “இது உன் தம்பிக்கு வாசிச்சுக் காட்டு.” “இது உனக்குப் பிடிக்காது. இருந்தாலும் பத்தாம் பக்கம் வரைக்கும் போ.” திரவியம் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். விரல் மரத்துப்போனது. கையை உதறிவிட்டு மறுபடி எழுதினார்.

பதினொரு மணிக்குத் தலைமையாசிரியை சொர்ணம் வந்தார். வரிசை வராந்தா முழுக்க நீண்டு கொடிக்கம்பம் வரை போயிருந்தது.

“என்ன நடக்குது இங்க?”

“புத்தகம் வழங்குதேன்மா,” என்று திரவியம் தலை நிமிராமல் சொன்னார்.

சொர்ணம் அலமாரியைப் பார்த்தார். பாதி காலி. வரிசையைப் பார்த்தார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. தாளாளரை இதுவரை ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பீரியடு முடியுதே. மணி அடிச்சா வரிசை கலைஞ்சிருமே.”

திரவியம் பேனாவை நிறுத்தினார்.

“இன்னிக்கு மணி கொஞ்சம் லேட்டா அடிக்கும்,” என்று சொல்லிவிட்டுச் சொர்ணம் போய்விட்டார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை அந்தப் பள்ளியில் மணி அடிக்கவில்லை.

இரண்டரைக்கு ஒரே ஒரு புத்தகம் மிஞ்சியது. அதற்குத் திரவியம் தன் பெயரிலேயே ஒரு சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குத் தாளாளரின் கார் வந்தது. கையில் புதுப் பூட்டு. உறைகூடப் பிரிக்கவில்லை. அறை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரெல்லாம் வெறும் பலகைகள்.

“புத்தகம் எங்க?”

“வீட்டுக்குப் போயிருக்கு சார்,” என்றார் திரவியம்.

“யாரு வீட்டுக்கு?”

“எல்லாரு வீட்டுக்கும்.”

தாளாளர் அமலியின் பக்கம் திரும்பினார். “போற அன்னிக்கும் உன் வேலையைக் காட்டிட்டேல்ல?”

“அவுக மேல ஏன் சார் பாயுதீய? வழங்கினது நான். ஒவ்வொரு சீட்டுலயும் என் கையெழுத்து இருக்கு. உக்காந்து பாருங்க.” திரவியம் சீட்டுக் கட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கினார்.

“திங்கக்கிழமை அதிகாரி வாராருய்யா! நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் இங்க திரும்பி வந்தாகணும்.”

“பதினாலு நாள் ஆகும் சார்.”

“என்ன பதினாலு நாள்?”

திரவியம் சுவரில் தொங்கிய பழைய விதிப் பலகையைக் காட்டினார்; நூலகம் திறந்தபோது மாட்டியது, அந்த மூன்று உத்தரவுகளுக்குப் பிறகும் யாரும் கழற்றவில்லை. ‘வாங்கிய புத்தகத்தைப் பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.’ அடியில் தாளாளரின் கையெழுத்து இருந்தது.

“நீங்க போட்ட விதிதான் சார். தவணை முடியுமுன்னால போய்க் கேட்க எனக்கு அதிகாரம் கிடையாது.”

“எங்கிட்டயே விளையாடுதீரா? நீரும் இப்பவே வெளிய போகலாம்.”

“போறேன் சார். ஆனா அத்தனை சீட்டும் என் பேர்ல இருக்கு. திரும்பி வார புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட நான் இருக்கணும். இடையில என்னை அனுப்பினா, எது வந்துச்சு, எது வரலைன்னு யாரும் சொல்ல முடியாது. அதிகாரி உங்களைத்தான் கேப்பாரு.” திரவியம் சீட்டுக் கட்டுகளைத் தாளாளர் பக்கம் நகர்த்தினார். “பதினாலு நாள் கழிச்சு நானே கிளம்பிருவேன்.”

வராந்தாவில் நின்ற சொர்ணம் தொண்டையைச் செருமினார். “அதிகாரி வந்து புத்தகம் எங்கன்னு கேட்டா, புள்ளைங்களையே கேட்கச் சொல்லுவோம் சார். அதுங்க சொல்லும்.”

தாளாளர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டின் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தார். காலி அறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கார் சத்தம் ஓய்ந்த பிறகு திரவியம் வராந்தாப் படியில் உட்கார்ந்தார். பள்ளி விட்டாயிற்று. பிள்ளைகள் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உப்பளப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் நடந்துகொண்டே படித்தார்கள். ஒருத்தி எதையோ படித்துவிட்டு நடுப் பாதையில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் வந்தவர்கள் என்னவென்று சுற்றிக்கொண்டார்கள்.

அமலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

“டீச்சர்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“வீம்புக்குச் செஞ்சிட்டேன். இப்பம் யோசிச்சா பயமா இருக்கு. பதினாலு நாள்தானே? அப்புறம் எல்லாம் திரும்பி வந்துரும். அவரு வாங்கி அடுக்கிப் பூட்டிருவாரு. நீங்களும் இருக்க மாட்டீய, நானும் இருக்க மாட்டேன். நாம என்னத்தைத்தான் சாதிச்சோம்?”

அமலி உப்பளப் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“புத்தகத்தை வாங்கி அடுக்கட்டும் அண்ணாச்சி. எடுத்துட்டுப் போன புள்ளைங்களை எந்த அலமாரியில அடுக்குவாரு?”